பத்தாம் வகுப்பு முடித்ததும் சினிமா படிக்கலாமா?

கேள்வி: விசைத்தறி வைத்திருக்கிறேன். மகள் பத்தாவது முடித்துவிட்டாள். சினிமாவில் கேமரா வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள். பிளஸ் ஒன்னில் சினிமாவைப் பாடமாக எடுக்க வழியுண்டா? வேலூரில் ஒரு கன்சல்டன்சிக்காரர், 'பிளஸ் டூ வேண்டாம். சென்னையில் 2 வருட டிப்ளமோ முடித்தால் நேராகப் புனே இன்ஸ்டிடியூட்' என்கிறார். டி.சி.யும் 50 ஆயிரம் முன்பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, குடியாத்தம்

பதில்: பணமும் கொடுக்காதீர்கள், டி.சி.யும் கொடுக்காதீர்கள். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படிக்க ஒரு பட்டம் முடித்திருக்க வேண்டும், நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். கொல்கத்தா சத்யஜித் ரே கல்லூரியிலும் அப்படித்தான். பிளஸ் டூ இல்லாத பிள்ளையை அங்கே சேர்த்துவிடுகிறேன் என்பது பச்சைப் பொய்.

இந்த ஆட்கள் 'அரசு அங்கீகாரம்' என்று ஒரு சான்றிதழைக் காட்டுவார்கள். வாங்கி நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் அது கம்பெனிப் பதிவாக இருக்கும், அல்லது ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழ், அல்லது சிறுதொழில் செய்பவர்களுக்குக் கொடுக்கும் உத்யம் பதிவு. உங்கள் தறிக்கும் அந்த உத்யம் கிடைக்கும். படிப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் பெயர் என்ன? பெயர் சொன்னால் அது யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இல் அறிவித்தது, ஆனால் அது கல்லூரிகளுக்குத்தான். இப்படி டிப்ளமோ தரும் தனியார் அகாடமிகள் எந்தத் துறையின் கணக்கிலும் வருவதில்லை. புகாரோடு போனால் ஓர் அலுவலகம் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும். எத்தனை பெற்றோர் இப்படி அலைந்துவிட்டார்கள்!

பிளஸ் ஒன்னில் சினிமா என்று நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பாடம் கிடையாது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் படங்களைத் திரையிட்டுப் பிள்ளைகளைப் பேச வைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் சென்னை தரமணியில் சினிமாவுக்கென்றே கல்லூரி நடத்தும் அரசுக்கு, மேல்நிலையில் அதை ஒரு விருப்பப் பாடமாக வைக்க இன்னும் மனம் வரவில்லை. சி.பி.எஸ்.இ.யில் ஊடகம் பற்றிய பாடம் ஒன்று இருக்கிறது, அதையும் எல்லாப் பள்ளிகளும் நடத்துவதில்லை. அதற்காகப் பிள்ளையைப் போர்டு மாற்றாதீர்கள்.

அவள் போக வேண்டிய இடம் தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 4 ஆண்டுப் பட்டப்படிப்பு. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இயக்கம், படத்தொகுப்புக்கு எந்த குரூப் என்றாலும் சரி. ஒளிப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும் அப்படி இல்லை, பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் படித்திருக்க வேண்டும். 'சினிமாவுக்கு எதற்கு சயின்ஸ்' என்று காமர்ஸில் சேர்ந்த பிள்ளைக்குக் கேமராப் படிப்பின் கதவு அன்றைக்கே சாத்திவிடுகிறது. இரண்டு வருடம் கழித்து விண்ணப்பம் வாங்கும்போதுதான் தெரியவரும். பாப்பா கேட்பது கேமரா. அதனால் சயின்ஸ் குரூப்பில் போடுங்கள். லென்ஸ், குவியத் தொலைவு, ஒளிவிலகல் எல்லாம் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்திலேயே வருகிறது, விரும்பிப் படிப்பாள்.

இந்த இரண்டு வருடமும் சும்மா போக வேண்டாம். பார்த்த படத்திலிருந்து 3 நிமிடக் காட்சி ஒன்றை, சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிடட்டும். ஷாட் மாறும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு போட்டு, கேமரா என்ன உயரத்தில் இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று எழுதட்டும். தறிக்கூடத்து ஜன்னலோரம் ஒரே முகத்தைக் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் போனில் படமெடுத்து, மூக்கின் நிழல் எங்கே நகர்கிறது என்று பார்க்கட்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

தரமணி விண்ணப்பத்தை நீங்களே நேரடியாகப் போடலாம், நடுவில் ஆள் தேவையில்லை. இடங்கள் குறைவு. கிடைக்காவிட்டால் ஏதாவது கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பட்டம் படிக்கட்டும், அந்தப் பட்டத்தோடு புனே தேர்வையும் எழுதலாம்.

கன்சல்டன்சிக்காரரிடம் ஏற்கெனவே டோக்கன் அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால், ரசீதைக் கேட்டு வாங்கிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.