அப்பாவின் குட்வில் பங்கு: வரி யார் தலையில்?

கேள்வி: ஈரோட்டில் அப்பாவும் இரண்டு நண்பர்களும் பார்ட்னர்ஷிப்பில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்தார்கள். அப்பா இறந்துவிட்டார். அவர் மூலதனக் கணக்கில் உள்ள 15 லட்சத்தோடு, குட்வில்லுக்கு (வியாபாரத்தின் நற்பெயருக்கான மதிப்பு) 40 லட்சம் தருகிறோம், ஆனால் வரியைப் பிடித்துக்கொள்வோம் என்கிறார்கள். இது சரியா?

பதில்: உங்கள் வீட்டுப் பக்கம் பயமில்லை. உங்களுக்கு வருவது வாரிசுச் சொத்து. இறந்தவர் சொத்துக்கு விதித்த எஸ்டேட் டியூட்டி என்ற வரி 1985 மார்ச்சிலேயே ஒழிந்துவிட்டது. வாரிசாகப் பெறும் பணத்துக்கு வருமான வரியும் கிடையாது. பணம் தரத் தாமதமாகி அதற்கு வட்டி கொடுத்தால், அந்த வட்டிக்கு மட்டும் நீங்கள் வரி கட்ட வேண்டும்.

சிக்கல் நிறுவனத்துக்குத்தான். தானாக வளர்ந்த குட்வில்லுக்கு அடக்க விலையே இல்லை, அதனால் ஆதாயமும் கணக்கிட முடியாது என்று 1981இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு அடக்க விலை பூஜ்யம் என்று சட்டத்தையே திருத்திவிட்டார்கள். 2021இல் வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 45(4) புது வடிவம் பெற்றது: நிறுவனம் மாற்றியமைக்கப்படும்போது, பங்குதாரர் தன் மூலதனக் கணக்குக்கு மேல் பெறும் தொகை நிறுவனத்தின் ஆதாயம். குட்வில்லை ஏட்டில் ஏற்றி மூலதனத்தை ஊதிக் காட்டினாலும் செல்லாது. 30 வருடப் பழைய குட்வில் என்றாலும் விதிப்படி அது குறுகிய கால ஆதாயம்தான்! 40 லட்சத்துக்கு 30 சதவீதமும், அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் 12.48 லட்சம். (2026 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன.)

இறப்புக்கும் இது பொருந்துமா? பங்குதாரர் பெறும்போது என்றுதான் வாசகம் இருக்கிறது. இறந்தவர் எதையும் பெறுவதில்லை, வாரிசோ பங்குதாரர் இல்லை. வலுவான வாதம் என்பது என் கருத்து. ஆனாலும் ஒரு பங்குதாரர் இல்லாமல் போவதே மாற்றியமைப்பு என்று வரித்துறை வாதிடலாம். எனவே அவர்கள் ஆடிட்டர் பயப்படுவதில் தப்பில்லை.

ஆனால் வந்தாலும் அது நிறுவனத்தின் வரி. வாரிசிடம் பிடிக்கச் சொல்லி அந்தப் பிரிவில் எதுவும் இல்லை. வரியைப் பிடிப்போம் என்பது வெறும் பேரம். பேசப் போகும் முன் பார்ட்னர்ஷிப் பத்திரத்தைப் படியுங்கள். பங்குதாரர் இறந்தால் குட்வில் கணக்கிடப்படாது என்று பல பத்திரங்களில் ஒரு வரி இருக்கும். அது இருந்தால் 40 லட்சமே அவர்கள் மனமுவந்து தருவது, அடக்கி வாசியுங்கள். இல்லையென்றால், 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி குட்வில்லும் நிறுவனச் சொத்துதான், தைரியமாக முழுத் தொகையைக் கேளுங்கள். செட்டில்மென்ட் பத்திரத்தில் மூலதனம், குட்வில், வட்டி மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.