மாமரத்துத் துளைகள்: வாசகர் கேள்வி-பதில்

தெருவிளக்கடியில் பெரிய சாம்பல் வண்டு விழுந்து கிடந்தது. உடலைவிட நீளமான கொம்பு. தென்னையைக் கெடுக்கும் வண்டுதானே? (மன்னார்குடி)

இல்லை. தென்னையில் வரும் காண்டாமிருக வண்டு கறுப்பு. தலையில் ஒற்றைக் கொம்பு. நீங்கள் பார்த்தது மாமரத் தண்டுத் துளைப்பான். முதுகின் முன்பகுதியில் இரண்டு செம்புள்ளிகள் இருந்திருக்கும். இரவில் வெளிச்சத்துக்கு வரும்.

வேறு எந்த மரங்களைத் தாக்கும்? (பாபநாசம்)

அத்தி, பலா, இலவம். கொல்லையில் இலவம் இருந்தால் அதன் தூரையும் பாருங்கள்.

இது நம் பகுதிப் பூச்சிதானா? (திருவையாறு)

இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை உண்டு. போன நூற்றாண்டில் இஸ்ரேலுக்கும் போய் அங்கே அத்தி மரங்களைப் பிடித்தது.

மாமரம் சரியில்லை. என்ன மருந்து அடிக்கலாம்? (கும்பகோணம்)

மரத்தின் வயது என்ன, எந்தக் கிளை வாடுகிறது, தூரில் மரத்தூள் கிடக்கிறதா, எதையும் எழுதவில்லை. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

துளை விழுந்த மாமரத்தைப் போன வருடமே வெட்டி, விறகுக்காகக் கொல்லையில் அடுக்கினேன். இப்போது பக்கத்து மரத்திலும் மரத்தூள் கொட்டுகிறது. ஏன்? (வேதாரண்யம்)

அந்த அடுக்குதான் காரணமாக இருக்கும். இதை எத்தனை முறை எழுதுவது? மரத்தை வெட்டினால் உள்ளே இருக்கும் புழு செத்துவிடாது. விரல் நீளத்துக்கு மேல் வளரும் புழு அது. ஏறக்குறைய ஒரு வருடம் கட்டைக்குள்ளேயே குடைந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, மழைக்காலத்தை ஒட்டி வண்டாக வெளியே வரும். பெண் வண்டு பட்டையைக் கீறி முட்டையை ஒவ்வொன்றாக வைக்கும். நூறு, இருநூறு கூட வைக்கும். 2018 கஜா புயலுக்குப் பின் சாய்ந்த மரங்களை அப்படியே விட்டுவைத்த தோப்புகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. நலிந்த மரம் இந்த வண்டுக்கு விருந்து. வெட்டிய கட்டையை மழைக்கு முன்பே பிளந்து எரித்துவிடுங்கள்.

நிற்கும் மரத்தில் ஈரத்தூள் வரும் துளையைத் தேடி, சைக்கிள் கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுப் புழுவை இழுத்தெடுங்கள். பிறகு களிமண்ணால் அடையுங்கள். கட்டைவிரல் நுழையும் வட்ட ஓட்டையில் மருந்து ஊற்றிப் பயனில்லை. வண்டு பறந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. தூரை வாரம் ஒருமுறை பாருங்கள்.

முன்கூட்டியே தடுக்க வழி? (பேராவூரணி)

தளர்ந்த பட்டையைச் சுரண்டிவிட்டு, ஒரு பங்கு தாருக்கு இரண்டு பங்கு மண்ணெண்ணெய் கலந்து, தூரிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பூசுங்கள். பூசிய பிறகும் மரத்தூள் விழுகிறதா என்று பாருங்கள்.

புதிதாக நட எந்த ரகம்? (பட்டுக்கோட்டை)

நீலம். ஓரளவு தாங்கும்.