வாசகர் கேள்வி – பதில்: கூட்டம் மிகுந்த பார்லருக்குப் போகலாமா?

கேள்வி: நியூயார்க் நகரின் குயீன்ஸ் பகுதிக்கு அண்மையில்தான் குடிவந்தோம். ஜாக்சன் ஹைட்ஸ் 74ஆவது தெருவில் உள்ள ஓர் இந்திய பார்லரில் புருவம் திருத்திக்கொண்டேன். கட்டணம் மிகவும் குறைவு. ஆனால் நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். உட்கார்ந்ததும் தெரியவில்லை, எழுந்ததும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் புருவம் நான் விரும்பியதைவிட மெலிந்திருந்தது. “மலிவான இடத்துக்குப் போனால் இப்படித்தான்” என்கிறார் என் நாத்தனார். இனி அதிகக் கட்டணம் வாங்கும் இடத்துக்குத்தான் போக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அந்தத் தெருவில் விலை குறைந்திருப்பதற்குக் காரணம் வேலையின் தரம் அன்று. கல்பனா சாவ்லாவின் பெயர் 2004ஆம் ஆண்டில் சூட்டப்பட்ட அந்தத் தெருவில், ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே துண்டுச்சீட்டை நீட்டி மாடிப்படியைக் காட்டும் அளவுக்குப் பார்லர்கள் நெருக்கமாக இருக்கின்றன. போட்டி மிகுதி, முன்பதிவுக்கென்று ஆள் வைப்பதில்லை, நூலை முறுக்கி முடியைப் பிடுங்கும் த்ரெட்டிங்குக்குத் தேவையான கருவியோ ஒரு பருத்தி நூல்கண்டு மட்டுமே. வருகிறவர்களின் எண்ணிக்கையை நம்பித்தான் கடை வாடகையே கட்டப்படுகிறது.

அந்தக் கூட்டத்தில் வாடிக்கையாளருக்கு ஒரு நன்மையும் உண்டு. நாள் முழுவதும் ஒருவர் பின் ஒருவராகப் புருவம் திருத்தும் பெண்ணின் கைக்கு வரும் நிதானம், எப்போதாவது நூலை எடுப்பவருக்கு எளிதில் வராது. நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த பெண்கள் பலர் அங்கே இந்த வேலையில் தேர்ந்தவர்கள். டெக்சாஸ் மாநிலத்தில், த்ரெட்டிங் செய்பவர்கள் 750 மணி நேர அழகுக்கலைப் பயிற்சி பெற்றாக வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்தப் பயிற்சியின் கணிசமான பகுதிக்கும் நூல் வேலைக்கும் தொடர்பே இல்லை என்று கண்ட அம்மாநில உச்ச நீதிமன்றம், 2015இல் அவர்களைப் பொறுத்தவரை அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது.

தங்களுக்கு நேர்ந்ததன் காரணம் வேறாக இருக்கும் என்றே எண்ணுகிறேன். என்ன வடிவம் வேண்டும் என்று நாற்காலியில் அமர்வதற்கு முன் சொன்னீர்களா? கூட்டத்தைப் பார்த்ததும் நம்மால் வரிசை தாமதமாகிறதே என்று கூசி, பேசாமல் தலையைச் சாய்த்துவிடுகிறவர்கள் ஏராளம். சொல்லாவிட்டால், அன்றைக்குப் பெரும்பாலோர் கேட்ட வடிவமே தங்களுக்கும் வந்து சேரும். “மேலே தொட வேண்டாம், கீழே மட்டும் சுத்தம் செய்யுங்கள், கனம் குறையக் கூடாது” என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. ஒரு புருவம் முடிந்ததும் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் மேலிமையையும் மறு கையால் புருவத்துக்கு மேலுள்ள தோலையும் இறுக இழுத்துப் பிடிக்கும் வேலை தங்களுடையது. அந்தப் பிடி தளர்ந்தால் முறுக்கிய நூலில் தோல் சிக்கிக் கீறிவிடும். வலிக்கிறதென்று பாதியில் கையை எடுத்துவிடாமல், நிறுத்தச் சொல்லிவிட்டு எடுங்கள்.

தூய்மை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் புதிய நூல் எடுக்கப்பட வேண்டும். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்ளும் பழைய முறை பிடிக்காவிட்டால், கழுத்தில் சுற்றிக்கொண்டு செய்யும்படி தயங்காமல் கேளுங்கள். மெழுகைப் பூசி இழுத்து முடியை நீக்கும் வேக்சிங் என்றால், தோலில் பட்ட குச்சி மறுபடி மெழுகுப் பாத்திரத்துக்குள் போகிறதா என்று கவனியுங்கள். போனால் எழுந்துவிடுவதே நல்லது. கடையின் உரிமமும் விலைப்பட்டியலும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. புருவம் முடிந்த கையோடு “ஃபேஷியலும் செய்துவிடலாமா?” என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லத் தங்களுக்கு முழு உரிமை உண்டு.

வார நாள் முற்பகலில் போனால் வேகமும் தணிந்திருக்கும். கட்டணம் சிறிது என்பதால் டிப்ஸை நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டுச் சில்லறையாகக் கொடுக்காமல், இரண்டு மூன்று டாலரை வேலை செய்த பெண்ணின் கையிலேயே கொடுங்கள். நின்றுகொண்டும் குனிந்துகொண்டும் நாளெல்லாம் செய்யும் வேலை அது.

கேள்வி: முகப்பருவுக்காக ட்ரெட்டினாயின் கிரீம் பூசி வருகிறேன். மேலுதட்டில் வேக்சிங் செய்துகொள்ளலாமா?

பதில்: கிரீமைத் தொடரும்வரை வேண்டாம். இவ்வகை மருந்துகளால் மேல்தோல் மெலிந்து எளிதில் உரியும் நிலையில் இருக்கும். மெழுகை இழுக்கும்போது முடியோடு தோலும் வந்து புண்ணாகிவிடும். த்ரெட்டிங்கில் தோலின் மேல் எதுவும் ஒட்டுவதில்லை என்பதால் ஆபத்து குறைவு. ஆனாலும் தோல் சிவந்தோ உரிந்தோ இருக்கும் நாளில் அதையும் தள்ளிப்போடுங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உட்கொள்பவர்கள், அதை நிறுத்திய பின்னும் குறைந்தது 6 மாதங்களுக்கு வேக்சிங்கைத் தவிர்க்க வேண்டும். கடையில் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள்; நீங்களாகத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: ரமலான் பெருநாளுக்கு முந்தைய இரவில் ஜாக்சன் ஹைட்ஸ் நடைபாதைகளில் வரிசையாக அமர்ந்து மருதாணி இடுகிறார்கள். என் மகளுக்குக் கறுப்பு மருதாணிதான் வேண்டுமாம். இட்டுக்கொள்ளலாமா?

பதில்: மருதாணி தாராளமாக இட்டுக்கொள்ளட்டும், கறுப்பு மட்டும் வேண்டாம். மருதாணி இலை முதலில் ஆரஞ்சாகப் பற்றி, ஓரிரு நாளில் செம்பழுப்பாக மாறும். அதற்குச் சில மணி நேரமாவது கையில் காய வேண்டும். வைத்த சற்று நேரத்திலேயே கன்னங்கரேல் என்று பற்றினால், அதில் முடிச்சாயத்துக்குரிய பாரா-ஃபெனிலீன்டைஅமீன் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. அது பட்ட இடத்தில் கோலத்தின் வடிவிலேயே கொப்புளம் எழுந்து தழும்பாகிப்போன குழந்தைகள் உண்டு. ஏற்கெனவே இட்டுக்கொண்டு அரிப்போ கொப்புளமோ தோன்றியிருந்தால், உடனே தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, பூசியது கறுப்பு மருதாணி என்பதைச் சொல்லுங்கள். ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால், வளர்ந்தபின் தலைமுடிக்குச் சாயம் பூசும்போதும் அதே பொருளால் முகமே வீங்கும் நிலை வரலாம் என்பதால், அந்தத் தகவல் அவளுடைய மருத்துவக் குறிப்பில் இடம்பெற வேண்டும்.