6 வோல்ட் எமர்ஜென்சி லைட்: டிரைவரைத் தேடும் முன் எல்.இ.டி.யைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் இருந்த பழைய எமர்ஜென்சி லைட்டில் ட்யூப் போய்விட்டது. அதைக் கழற்றிவிட்டு 3 வாட் எல்.இ.டி. ஒன்றை 4.7 ஓம் ரெசிஸ்டரோடு மாட்டியிருக்கிறேன். பேட்டரி 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி, சீல்டு லெட் ஆசிட். வெளிச்சம் பரவாயில்லை. ஆனால் ரெசிஸ்டரில் கை வைக்க முடியவில்லை, ஐந்து மணி நேரத்தில் மங்கிவிடுகிறது. 97 சதவீதத் திறன் என்று போட்டிருக்கும் பிடி4115 டிரைவர் (எல்.இ.டி.க்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் ஐசி) வாங்கட்டுமா, கடைக்காரர் சொன்ன, வோல்டேஜை இறக்கித்தரும் எல்எம்2596 போர்டு போதுமா? கரண்ட் போனால் விடிய விடிய எரிய வேண்டும்.

பதில்: இரண்டுமே வேண்டாம்.

பிடி4115 வேலை செய்யக் குறைந்தது 6 வோல்ட் வேண்டும். உங்கள் பேட்டரி முழுசாக ஏறி, சும்மா இருக்கும்போதே 6.4 வோல்ட்தான். விளக்கைப் போட்டதும் கொஞ்சம் இறங்கும், நள்ளிரவு தாண்டினால் 6-க்குக் கீழே போய்விடும். பேட்டரியில் இன்னும் சரக்கு இருக்கும், டிரைவரோ தடுமாற ஆரம்பித்துவிடும். அந்த 97 சதவீதம் பொய் இல்லை. பல எல்.இ.டி.களை சீரிஸில் போட்டு, பேட்டரி வோல்டேஜ் அவற்றின் மொத்தத்துக்குச் சற்றே மேலே இருக்கும்போது கிடைக்கிற எண் அது. அதே ஐசியை வைத்து 12 வோல்ட்டில் ஒற்றை எல்.இ.டி.யை ஓட்டினால், முக்கால்வாசி நேரம் அதன் ஸ்விட்ச் அணைந்திருக்கும், அப்போது கரண்ட் பக்கத்திலுள்ள ஷாட்கி டையோடு வழியாகத்தான் சுற்றும். அந்த டையோடு 0.35 வோல்ட் தின்கிறது என்று வைத்தால், 3 வோல்ட் எல்.இ.டி.க்கு அது மட்டுமே 9 சதவீத நஷ்டம். மூன்று எல்.இ.டி.களை சீரிஸில் போட்டால் டையோடுக்குக் கால்வாசி நேரமே வேலை, நஷ்டம் 1 சதவீதம். ஐசி அதேதான், இணைத்த விதம்தான் வேறு. 12 வோல்ட் பேட்டரி வைத்திருப்பவர்கள் மூன்று எல்.இ.டி. சீரிஸோடு பிடி4115-ஐத் தாராளமாக வாங்கலாம்.

எல்எம்2596 பழைய தலைமுறை ஐசி. உள்ளே இருக்கும் ஸ்விட்ச் டிரான்சிஸ்டரே ஒரு வோல்ட் அளவுக்கு விழுங்கும். 12 வோல்ட்டிலிருந்து 3.3 வோல்ட் எடுத்தால், 3 ஆம்பியரில் 73 சதவீதம் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. மேலும், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ஒற்றைத் திருகு மட்டும் கொண்ட சாதாரண போர்டு வோல்டேஜைத்தான் நிலையாக வைக்கும். எல்.இ.டி.க்கு வேண்டியது நிலையான கரண்ட். சூடேறச் சூடேற எல்.இ.டி.யின் வோல்டேஜ் இறங்கும், வோல்டேஜைக் கட்டிவைத்தால் கரண்ட் ஏறும், இன்னும் சூடாகும்.

இப்போது உங்கள் பேட்டரி. 6 வோல்ட் × 4.5 என்றால் 27 வாட்-மணி. லெட் ஆசிட்டை அடிவரை உறிஞ்சக் கூடாது. 70 சதவீதம் எடுத்தால் 19 வாட்-மணி. ஒன்பது மணி நேரம் எரிய வேண்டுமானால், சராசரியாக 2.1 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. எந்த டிரைவர் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இப்போது நீங்கள் இழுப்பது ஏறக்குறைய 600 மில்லி ஆம்பியர், அதாவது 3.7 வாட். அதில் எல்.இ.டி.க்குப் போவது 2 வாட், மீதி உங்கள் கையைச் சுடுகிறது.

காயில் வைத்து வோல்டேஜை இறக்கும் (பக்) நல்ல டிரைவர் 85 சதவீதத் திறனோடு கிடைத்தாலும், அதே 2 வாட்டை எல்.இ.டி.க்குக் கொடுக்க 2.35 வாட் இழுக்கும். இதைவிட மேலான வழி காயிலே இல்லாமல் இருக்கிறது. 2835 வகை, 3 வோல்ட், அரை வாட் வெள்ளை எல்.இ.டி. 24 வாங்குங்கள். இரண்டிரண்டாக சீரிஸில் போட்டு, அந்த 12 ஜோடிகளையும் பேரலலாக இணையுங்கள். ஜோடிக்கு 30 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகப் போகும்போது ஒவ்வொரு எல்.இ.டி.யும் 2.8 வோல்ட் அளவில் நிற்கும், ஜோடிக்கு 5.6. பேட்டரி 6 வோல்ட். இடையில் வீணாவது 0.4 வோல்ட்தான், ஆகவே காயில் இல்லாமல், மிஞ்சும் வோல்டேஜைச் சூடாகக் கழிக்கும் சாதாரண லீனியர் டிரைவரே 93 சதவீதம் தரும். பேட்டரிக்கும் எல்.இ.டி.க்கும் உள்ள இடைவெளிதான் லீனியர் டிரைவரின் நஷ்டம். உங்கள் ரெசிஸ்டரும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். ஒற்றை 3 வோல்ட் எல்.இ.டி.யை வைத்துக்கொண்டு ரெசிஸ்டருக்குப் பதில் லீனியர் டிரைவர் போட்டால் வெளிச்சம் நிலையாக இருக்குமே தவிர, மின்சாரம் மிச்சமாகாது.

உங்களிடம் இருப்பது போன்ற இன்னொரு 3 வாட் எல்.இ.டி.யை சீரிஸில் சேர்த்தால் போதாதா என்று கேட்கலாம். 350 மில்லி ஆம்பியரில் மலிவான 3 வாட் எல்.இ.டி. 3.1 வோல்ட் கேட்கும், இரண்டுக்கு 6.2. பேட்டரி அங்கே நிற்காது. வேலையைப் பலருக்குப் பங்கு போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு: குறைந்த கரண்ட்டில் ஓடும் எல்.இ.டி. குளிர்ச்சியாக இருக்கும், வாட்டுக்குக் கூடுதல் ஒளி தரும். அதே 2 வாட்டில் இப்போதைவிட வெளிச்சம் கூடவே இருக்கும். எல்லாம் ஒரே ரீலிலிருந்து வெட்டியதாக இருக்கட்டும், ஒரே அலுமினியத் தகட்டில் பதியுங்கள். அப்போதுதான் கரண்ட் ஓரளவு சமமாகப் பிரியும். (பழைய எல்.இ.டி. பல்பின் தகட்டை எடுத்து மாட்ட நினைத்தால் முதலில் அளந்து பாருங்கள். அவற்றில் ஒரே எல்.இ.டி.க்குள் இரண்டு மூன்று சில்லுகள் சீரிஸில் இருக்கும். 9 வோல்ட் வகை உங்களுக்கு உதவாது. இரண்டு சில்லுள்ள 6 வோல்ட் வகையோ ஒரு ஜோடிக்குச் சமம்.)

டிரைவராக ஏஎம்சி7135 ஒன்று போதும். சில ரூபாயில் கிடைக்கும் மூன்று கால் ஐசி, 350 மில்லி ஆம்பியரில் கரண்ட்டை நிறுத்திவைக்கும். தனக்கென்று எடுப்பது 0.12 வோல்ட்தான். அதன் சப்ளை காலுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அதற்கு விதித்த எல்லை 6 வோல்ட். உங்கள் பேட்டரி சார்ஜில் 7.2 வரை போகும். அதனால் அந்தக் காலுக்குப் போகும் வழியில் இரண்டு 1என்4148 டையோடுகளைச் சீரிஸில் போடுங்கள். அதில் போவது 0.2 மில்லி ஆம்பியர்தான், நஷ்டம் கணக்கில் வராது. என்றாலும் சார்ஜ் ஏறும்போது விளக்கைப் போடாமல் இருப்பதே நல்லது.

பேட்டரி 5.7 வோல்ட்டுக்கு இறங்கியதும் விளக்கு மெல்ல மங்கத் தொடங்கும். இதைக் குறையாக நினைக்காதீர்கள். காயில் டிரைவர்கள் வெளிச்சத்தைக் குறையவிடாமல், பேட்டரி இறங்க இறங்க அதிகக் கரண்ட்டை உறிஞ்சிக்கொண்டே போகும். லெட் ஆசிட் சாவது அப்படித்தான். இங்கே கண்ணுக்குத் தெரிய மங்கும், கரண்ட்டும் தானாகக் குறையும். 5.4 வோல்ட்டில் அணைத்துவிட்டு, கரண்ட் வந்ததும் சார்ஜில் போடுங்கள்.

ஸ்விட்ச் பேட்டரிக்கும் டிரைவருக்கும் நடுவே இருக்கட்டும். எல்எம்2596 போன்ற போர்டு எல்.இ.டி. எரியாதபோதும் சுமார் 5 மில்லி ஆம்பியர் எடுக்கும். ஒரு மாதம் விட்டால் 3.6 ஆம்பியர்-மணி, அதாவது முக்கால் பேட்டரிக்கு மேல். 7135 சொற்பம்தான், ஆனாலும் எதற்கு?

அளக்கும்போது மல்டிமீட்டரின் மில்லி ஆம்பியர் ரேஞ்சை நடுவே செருகாதீர்கள். மீட்டரே கொஞ்சம் வோல்ட்டைத் தின்றுவிடும், இங்கே நம் கையிருப்பே 0.4 வோல்ட்தான். பேட்டரி ஒயரில் 0.1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, அதன் இரு முனையில் மில்லி வோல்ட்டைப் பாருங்கள். 35 காட்டினால் 350 மில்லி ஆம்பியர்.

இந்த வேலை எல்லாவற்றையும் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும். மலிவான எமர்ஜென்சி லைட்டுகள் பலவற்றில் டிரான்ஸ்பார்மரே கிடையாது. ஒரு கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்ட்டை நேரே இறக்கியிருப்பார்கள். ப்ளக் செருகியிருந்தால் அந்த 6 வோல்ட் பேட்டரி முனையைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும்.

இந்தப் பேட்டரி ஓய்ந்தபின் 32700 அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல், 6 ஆம்பியர்-மணி, இரண்டை சீரிஸில் போடலாம். 6.4 வோல்ட், எல்.இ.டி. தகட்டையோ டிரைவரையோ தொட வேண்டியதில்லை. பதினைந்து மணி நேரத்துக்கு மேல் எரியும். ஆனால் பழைய சார்ஜரைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். இரண்டு செல்லுக்கான பிஎம்எஸ் (செல்களைப் பாதுகாக்கும்) போர்டும், 7.3 வோல்ட்டைத் தாண்டாமல் நிறுத்தும் சார்ஜரும் தனியாக வாங்குங்கள்.