பீட்டர் என்ன வேண்டிக்கொண்டான்?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது முடிகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த தோழி, அவள் பிள்ளைகள் படித்து முடித்த படப் புத்தகங்களை ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டுப் போனாள். ராத்திரி படுக்கும்போது படத்தைக் காட்டி நானே தமிழில் சொல்வேன். அதில் ஏழெட்டுப் புத்தகம் பிறந்தநாள் பற்றியது. கேக், பலூன், ஆள் உயரத்துக்குப் பரிசுப் பெட்டிகள். எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் விடியற்காலையில் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, கோயிலில் அவள் பெயருக்கு ஓர் அர்ச்சனை, பாயசம். பள்ளிக்குக் கலர் டிரெஸ் போட்டுக்கொண்டு சாக்லேட் கொண்டுபோவாள். அவ்வளவுதான். இந்த வருஷம், "நம்ம வீட்ல ஏம்மா இந்த மாதிரி பண்றதில்ல?" என்று கேட்கிறாள். அவள் அப்பா பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், நான் வீட்டில் தையல். அந்தப் புத்தகங்களை எடுத்து ஒளித்து வைத்துவிடலாமா என்று தோன்றுகிறது. புத்தகத்தை ஒளிப்பது எனக்கே பிடிக்கவும் இல்லை. என்ன செய்யட்டும்?

ஓர் அம்மா, திருப்பூர்

*

அன்புள்ள சகோதரி,

ஒளிக்க வேண்டாம். எந்தப் புத்தகம் எந்த இடத்தில் இருந்தது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவள் கேட்டால் எடுத்து வாசியுங்கள். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தக் கதைகளில் பிள்ளைக்கு வேலையே இல்லை. தூங்கி எழுகிறது, ஆட்கள் வருகிறார்கள், பெட்டியைத் திறக்கிறது. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் உங்கள் மகளின் கண் கேக்கிலேயே நின்றுவிடுகிறது. பிறந்தநாளுக்காகப் பிள்ளை மெனக்கெடும் கதைகளும் இருக்கின்றன. நான் பல வருஷமாகப் பிள்ளைகளுக்கு வாசித்துவரும் நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'எ லெட்டர் டு ஏமி'. 1968இல் வந்தது. பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவனை வைத்து அவர் ஏழு புத்தகங்கள் செய்தார். பனி பெய்த ஒரு நாளைப் பற்றிய முதல் புத்தகம் 1963இல், அமெரிக்காவில் படப் புத்தகங்களுக்குத் தரும் கால்டிகாட் பதக்கத்தை வாங்கியது. ஏமி கதையில் பீட்டருக்குப் பிறந்தநாள் வருகிறது. மற்ற பையன்களை வாயாலேயே கூப்பிட்டுவிடுகிறான். ஏமியை மட்டும் கடிதம் எழுதி அழைக்கிறான். எப்போது வர வேண்டும் என்று எழுதவில்லையே என்று அம்மா நினைவூட்ட, உறையின் பின்பக்கத்தில் கிழமையையும் நேரத்தையும் எழுதுகிறான். மழையில் தபாலில் போடப் போகிறான். காற்று கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது. எதிரே வருவது ஏமி! அவள் பார்த்துவிடக் கூடாதே என்று கடிதத்தைத் துரத்தும்போது அவள்மேல் மோதிவிடுகிறான். அவள் அழுதுகொண்டே ஓடிவிடுகிறாள். ஈரத் தரையில் நிழலும் நிறமும் கலங்கிக் கிடக்கும் அந்தப் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அப்புறம் கதை முழுக்க ஒரே கேள்விதான், ஏமி வருவாளா? கேக்கைக் கொண்டு வரட்டுமா என்று அம்மா கேட்டால், கொஞ்சம் பொறுக்கலாம் என்கிறான் பீட்டர். கடைசியில் தன் கிளியோடு வருகிறாள். மெழுகுவர்த்தியை ஊதும்போது பையன்கள் ஆளுக்கொன்றைச் சொல்லி இதை வேண்டிக்கொள், அதை வேண்டிக்கொள் என்று கத்துகிறார்கள். பீட்டர் தன் சொந்த விருப்பத்தை மனசுக்குள் நினைத்து ஊதிவிடுகிறான். அது என்ன என்று கீட்ஸ் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். புத்தகத்தை மூடிய பிறகும் பேச்சு நடக்கும்.

இரண்டாவது, சார்லட் ஸோலட்டோ எழுதி மாரிஸ் சென்டாக் படம் வரைந்த 'மிஸ்டர் ராபிட் அண்ட் த லவ்லி பிரெசென்ட்', 1962. இதை உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தேன். ஒரு சிறுமியின் அம்மாவுக்குப் பிறந்தநாள், கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. முயலிடம் யோசனை கேட்கிறாள். அம்மாவுக்குச் சிவப்பு பிடிக்கும் என்கிறாள். சிவப்பையே கொடுக்க முடியாது, சிவப்பாக ஏதாவது கொடுக்கலாம் என்கிறது முயல். அப்படியே மஞ்சள், பச்சை, நீலம் என்று பேச்சு போகிறது. பச்சைக்கு மரகதம் கொடுக்கலாமே என்று முயல் சொல்லும்போது, அது வாங்க என்னிடம் பணம் இல்லை என்று சிறுமி சாதாரணமாகச் சொல்கிறாள். சொல்லும்போது வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. அடுத்த யோசனைக்குப் போய்விடுகிறார்கள். பணம் இல்லை என்ற சொல்லைப் பிள்ளையின் காதில் இவ்வளவு லேசாகப் போடும் இடம் வேறு புத்தகங்களில் எனக்குக் கிடைத்ததில்லை. முடிவில் ஆப்பிள், வாழைப்பழம், பேரிக்காய், திராட்சை என்று ஒரு கூடை நிறைகிறது. உங்கள் ஊர்ச் சந்தையில் மாதுளை, வாழை, கொய்யா, பன்னீர் திராட்சை. நிறம் நான்கும் சரியாக வரும். உங்கள் பிறந்தநாளுக்கு அவள் கூடை நிரப்பட்டும்.

மூன்றாவது ஃபிராங்க் ஆஷின் 'ஹேப்பி பர்த்டே, மூன்', 1982. நிலாவுக்குப் பரிசு கொடுக்க நினைக்கும் கரடி மலைமேல் நின்று, உனக்கு எப்போது பிறந்தநாள் என்று கத்துகிறது. எதிரொலி திரும்பி வருகிறது, நிலா தன்னிடம் அதையே கேட்பதாகக் கரடி நினைக்கிறது. உண்டியலைக் காலி செய்து தொப்பி வாங்கி மரத்தில் மாட்டுகிறது. நிலா மேலேறி வந்து தொப்பியைப் போட்டுக்கொள்கிறது. சொல்லும்போது எதிரொலியை உங்கள் மகளிடம் விட்டுவிடுங்கள்.

இதை வாசித்த கையோடு உங்கள் வீட்டு வழக்கத்தையும் சொல்லலாம். அந்தக் கரடி நிலாவிடம் பிறந்தநாள் கேட்கிறது, நம் வீடுகளில் பிறந்தநாளையே நிலாவைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறோம். வானத்தில் 27 நட்சத்திரங்களையும் கடந்து ஏறக்குறைய 27 நாளில் நிலா ஒரு சுற்று வருகிறது. குழந்தை பிறந்த அன்று அது எந்த நட்சத்திரத்தருகே நின்றதோ, அதுதான் அர்ச்சனைச் சீட்டில் எழுதுகிற நட்சத்திரம். பிறந்த தமிழ் மாதத்தில் நிலா மறுபடி அந்த இடத்துக்கு வரும் நாள் நட்சத்திரப் பிறந்தநாள், காலண்டர் தேதி இன்னொன்று. உங்கள் மகளுக்கு வருஷத்துக்கு இரண்டு பிறந்தநாள் இருக்கிறது! அந்தப் பையில் இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் அந்த வசதி இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள்.

நான்காவது பேட் மோராவின் 'எ பர்த்டே பாஸ்கெட் ஃபார் தியா', 1992. மெக்சிகோ வழி வந்த அமெரிக்கக் குடும்பம். தியா என்றால் ஸ்பானிஷில் அத்தை, சித்தி. சிறுமிக்குப் பாட்டி முறையான ஒரு தியாவுக்கு 90 வயது நிறைகிறது. சிறுமி வீட்டில் தேடித் தேடி, இருவரும் சேர்ந்து படித்த புத்தகம், சேர்ந்து மாவு பிசைந்த பாத்திரம் என்று கூடையில் அடுக்குகிறாள். கடையில் வாங்கியது ஒன்றும் இல்லை. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு என் அப்பத்தா நினைவு வரும். அவளுக்குத் தன் பிறந்தநாள் தெரியாது. என் அப்பாவைப் பள்ளியில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்லியிருக்கிறார்கள். தொட்டதும் ஐந்து வயது என்று எழுதி, ஜூன் மாதத்தில் ஒரு தேதியும் போட்டுவிட்டார்கள். அந்தத் தலைமுறையில் ஊருக்குப் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். அப்பத்தாவிடம் கேட்டால், ஆடியில், நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது பிறந்தவன் என்பாள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் உங்கள் மகள் அவருக்கு ஒரு பிறந்தநாள் வைக்கட்டும். தேதியை அவளே முடிவு செய்யட்டும்.

விடியற்காலை இருட்டு, நல்லெண்ணெய் வாசம், சீயக்காய் கண்ணில் பட்டு எரிவது, புதுச் சட்டையின் ஓரத்தில் மஞ்சள் பொட்டு, தட்டேந்திய அர்ச்சகர் நம் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லும்போது வருகிற அந்தக் கூச்சம். ஒரு படப் புத்தகத்துக்கு இவ்வளவு போதும். நான்கு வெள்ளைத்தாளை நடுவில் மடித்துத் தையல் போட்டால் 16 பக்கம். தையல் உங்கள் கைத்தொழில். படம் அவள் வரையட்டும், அவள் சொல்வதைச் சொன்னபடியே கீழே எழுதுங்கள். நீங்கள் திருத்த வேண்டாம்.

தமிழில் வாசிக்க வேறு படக்கதைகள் வேண்டுமென்றால், பிள்ளைகளுக்கான புத்தகங்கள் போடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் இலவசமாகவே நிறையக் கிடைக்கும், போனிலேயே பார்க்கலாம்.

இவ்வளவு சொன்னபின், அவளுக்குக் கேக்தான் வேண்டும் என்றால் அரைக் கிலோ கேக் வாங்கிக் கொடுங்கள். அதில் தப்பே இல்லை, பாயசமும் இருக்கட்டும். ஆனால் அவள் கேட்பது ஆட்களையாகவும் இருக்கலாம். பள்ளித் தோழி ஒருத்தியை அழைக்கட்டும். அழைப்பை அவள் கையாலேயே எழுதட்டும், எழுத்து வராத இடத்தில் படம் போடட்டும். கிழமையும் நேரமும் விட்டுப்போகாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீட்டர் என்ன வேண்டிக்கொண்டிருப்பான் என்று அவளிடம் ஒரு நாள் கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.