வீலா, கேம்பேடா? கேள்வி பதில்

கேள்வி (சாட்ஸ்வர்த்): அண்ணா, பிளேஸ்டேஷன் 5-இல் கிரான் டூரிஸ்மோ 7 கார் பந்தயம் ஆடுகிறேன். கையில் பிடிக்கும் கேம்பேடை விட்டு, ஸ்டீயரிங்கும் கால் பெடலும் உள்ள வீலுக்கு மாறினால் வேகம் கூடுமா?

பதில்: முதலில் குறையும், தம்பி. கேம்பேடில் ஆட்டமே உங்களுக்குக் கைகொடுக்கிறது. ஸ்டிக்கைச் சட்டென்று ஓரத்துக்குத் தள்ளினாலும் முன்சக்கரம் மெதுவாகத்தான் திரும்பும். வேகம் ஏற ஏற, திரும்பும் கோணத்தையும் மென்பொருள் குறைத்துவிடும். வீலில் அந்த உதவி கிடையாது, 900 டிகிரி சுழற்சியும் உங்கள் கையில்.

லாபம் இருப்பது காலில். கேம்பேடில் பிரேக் பிடிக்கும் எல்2 பொத்தான் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் அழுங்கும். அதற்குள் 60 சதவீத பிரேக்குக்கும் 70-க்கும் விரலால் வித்தியாசம் காட்டுவது கடினம். அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்ற இன்னொரு பந்தய ஆட்டத்தில் கயலாமி தடத்தை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குரோத்தோர்ன் வளைவில் பிரேக்கை ஒரேயடியாக விட்டால் காரின் மூக்கு வெளியே போகும், வளைவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் கார் உள்ளே திரும்பும். அதைக் கால்தான் நன்றாகச் செய்யும். ஆகவே வீல் வாங்கும்போது பெடலைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (பீனிக்ஸ்): லாஜிடெக் ஜி29 வீல் எக்ஸ்பாக்ஸில் ஓடுமா?

பதில்: ஓடாது. எக்ஸ்பாக்ஸுக்கு ஜி920. ஜி923 இரண்டு வகையாக வருகிறது, பெட்டியில் எந்தக் கன்சோல் என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி (டோங்காட்): டைல்ஸ் தரை. பிரேக் மிதித்தால் பெடலும் ஓடுகிறது, நாற்காலியும் பின்னால் போகிறது.

பதில்: ஜி29 பெடலுக்கு அடியில் இருக்கும் பற்கள் கார்ப்பெட்டுக்கானவை, டைல்ஸைப் பிடிக்காது. பெடலின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். சுவர் எட்டவில்லை என்றால் நாற்காலிக் காலையும் பெடல் சட்டத்தையும் நைலான் பட்டையால் இழுத்துக் கட்டுங்கள். நீங்கள் மிதிக்கிற விசை பட்டையில் இறங்கிவிடும், இரண்டும் விலகாது. உருளைச் சக்கர நாற்காலி மட்டும் வேண்டாம்.

கேள்வி (டர்பன்): மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும்போது வீலுக்கு ஆபத்தா?

பதில்: ஆபத்துதான். கரண்ட் போனதும் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். வந்ததும் பத்து நிமிடம் பொறுத்துச் செருகுங்கள், முதல் அலையில்தான் மின்னழுத்தம் எகிறும். செருகியதும் வீல் தானாக இரண்டு பக்கமும் சுற்றித் தன் நடுவைத் தேடும். அந்த நேரம் பிள்ளைகளின் விரல் ஆரங்களுக்கு நடுவே இருக்கக் கூடாது.

கேள்வி (லெனேசியா): ஆட்டத்தில் பிஎம்டபிள்யூ ஈ30 காரை வைத்து ஸ்பின் பண்ண, அதாவது வழுக்கிச் சுழற்ற, வீல்தானே சரி?

மறுப்பு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): இல்லவே இல்லை. கேம்பேடில் ஒரு தட்டில் எதிர்ப்பக்கம் போய்விடலாம். வீலில் கை பின்னிக்கொள்ளும்.

பதில்: ஒரே இடத்தில் வட்டம் போடுவதற்கு மட்டும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சொல்வது சரி. ஸ்டிக்கை ஒரு பக்கம் அழுத்திப் பிடித்து ஆக்சிலேட்டரை மட்டும் கவனித்தால் போதும். ஒரு வட்டத்திலிருந்து எதிர் வட்டத்துக்குக் காரை வீசி மாற்றும்போது கதை வேறு. பின்பக்கம் கிளம்பியதும் முன்சக்கரங்கள் கார் போகிற திசைக்குத் தாமாகவே திரும்பப் பார்க்கும். நிஜ காரில் அப்படித்தான், மோட்டாரால் கைக்கு விசை தரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீலிலும் அப்படித்தான். கை பின்னுகிறதென்றால் வீலைத் துரத்துகிறீர்கள் என்று அர்த்தம். பிடியைத் தளர்த்துங்கள், அது உள்ளங்கைக்குள் ஓடட்டும், நிற்க வேண்டிய இடத்தில் பிடியுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): என் ஜி29 அவ்வளவு வேகமாக ஓடவில்லையே?

பதில்: இது நியாயமான கேள்வி. ஜி29-க்குள் பல்சக்கரம், அதன் உராய்வு சுழற்சியைத் தாமதப்படுத்தும். பெல்ட் போட்ட டி300 வீல் இன்னும் சுலபமாக ஓடும். உங்களிடம் இருப்பதிலேயே, அமைப்பில் இந்த வசதிகள் இருந்தால், செய்யக்கூடியது: சுழற்சியை 900-லிருந்து 540-க்குக் குறையுங்கள், வீலைக் கனமாக்கும் டேம்பரைப் பூஜ்யமாக்குங்கள், ஃபீட்பேக் அளவை 100-இல் வைக்காமல் 70 பக்கம் இறக்குங்கள். உச்சத்தில் வைத்தால் மோட்டார் ஒரே பலத்தில் நின்றுவிடும், டயர் வழுக்குவது கைக்குத் தெரியாது.

கேள்வி (லெனேசியா): அப்போ நான் சொன்னதுதானே சரி?

பதில்: வீசி மாற்றுவதற்கு, ஆமாம். வட்டத்துக்கு அவர். இதை இதோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (சாட்ஸ்வர்த்): எட்டு வயதுப் பையனுக்கு எது வாங்கலாம் அண்ணா?

பதில்: கேம்பேட், அக்கா. கால் பெடலுக்கு எட்டாது. அசைவைக் காந்தத்தால் அளக்கும் ஹால் சென்சார் ஸ்டிக் உள்ளதாகப் பாருங்கள், உரசித் தேயும் பாகம் அதில் இல்லை.

கேள்வி (டர்பன்): எந்த வீல் நல்லது?

பதில்: முதல் பதிலையும் இரண்டாவதையும் படியுங்கள்.

கேள்வி (பீனிக்ஸ்): வீல் வாங்கினால் வேகம் கூடுமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி (டோங்காட்): பிரேக்கைத் தொடாமலே திரையில் பிரேக் கோடு துடிக்கிறது. மிதித்தாலும் முழுக்க ஏறவில்லை.

பதில்: இரண்டு கோளாறு. முழுக்க ஏறாததற்கு, வீலை இணைத்தவுடன் மூன்று பெடலையும் ஒவ்வொன்றாக அடிவரை ஒருமுறை மிதியுங்கள். அப்போதுதான் அது தன் எல்லையைப் பதிந்துகொள்ளும். ஜி29 பிரேக்குக்குள் ரப்பர் கட்டை இருப்பதால் கடைசிப் பகுதிக்கு நல்ல பலம் வேண்டும். துடிப்புக்குப் பெரும்பாலும் காரணம், பெடலின் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி. அடாப்டரைக் கழற்றுங்கள், மறுபடியும் சொல்கிறேன், முதலில் அடாப்டரைக் கழற்றுங்கள். பிறகு கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை அதன் இடுக்கில் சிறிது அடித்து, பெடலை இருபது முறை மிதித்து, முழுக்கக் காயவிட்டுச் செருகுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அது தூசியை இன்னும் சேர்த்துப் பிடிக்கும்.