மதுவில் மருந்து கலந்த தாய் (வாசகர் கேள்வி–பதில்)

கேள்வி: ஆன் பிராண்டே எழுதிய 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' நாவலில், ஹெலன் தன் சின்ன மகனின் மதுவில் குமட்டல் மருந்து கலக்கிறாள். இவளை எப்படி நல்ல தாய் என்பது?

பதில்: நாவலிலேயே அவளை எல்லோரும் அப்படிச் சொல்லிவிடவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் அக்கம்பக்கத்து மார்க்கம் அம்மாள், மதுவை வெறுக்கப் பழக்கிப் பையனைக் கோழையாக வளர்க்கிறாய் என்று முகத்துக்கு நேரே கடிந்துகொள்கிறாள். ஹெலனின் பதிலடிதான் நாவலின் கூர்மையான இடம்: தீமையைப் பார்த்துப் பழகினால்தான் ஆண் தேறுவான் என்றால், பெண்ணை மட்டும் ஏன் பொத்திப் பொத்தி வளர்க்கிறீர்கள்?

அவள் கலந்தது டார்ட்டார் எமெட்டிக். ஆன்டிமனி உப்பு, அன்று சாதாரணமாகப் புழங்கிய வாந்தி மருந்து, அளவு மீறினால் விஷம். பிள்ளைக்கு மதுவே வெறுத்துப்போக வேண்டும் என்று, வாந்தி வராமல் குமட்டலும் சோர்வும் மட்டும் வரும் அளவுக்கே சேர்க்கிறாள். சரியான செயலா? இன்றைய கண்ணுக்கு இல்லை. ஆனால் ஏறக்குறைய நான்கு வயதுப் பிள்ளைக்குக் குடிக்கவும் கெட்ட வார்த்தை பேசவும் பழக்கிவிட்டவன் பெற்ற தகப்பன். அவனிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கச் சட்டத்தில் வழி கிடையாது. ஹெலன் கணவனை விட்டு மகனோடு ஓடிப்போவது 1827இல். அன்றைய இங்கிலாந்தில் பிள்ளை தகப்பனுக்கே உரியது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டு மனுப்போடும் உரிமை தாய்க்கு வந்தது 1839இல்தான், தன் பிள்ளைகளைக் கணவனிடம் பறிகொடுத்த எழுத்தாளர் கரோலின் நார்ட்டனின் போராட்டத்துக்குப் பிறகு. அதிலும் கள்ள உறவு நிரூபிக்கப்பட்ட பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. கணவனுக்கு அப்படி எந்த நிபந்தனையும் கிடையாது!

இந்தத் தேதிகளை விட்டுவிட்டுப் படித்தால் ஹெலன் வெறும் பிடிவாதக்காரியாகத் தெரிவாள். பொய்ப் பெயரில் வாழ்ந்ததும், தான் வரைந்த படங்களில் இடப்பெயரை மாற்றி எழுதி விற்றதும் பிள்ளை பறிபோகாமல் இருக்கத்தான். கணவன் நோயில் விழுந்தபோது பணிவிடை செய்யத் திரும்பி வருகிறாள். அப்போதும், பிள்ளையைப் பறிப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகே மகனை அவன் கண்ணில் காட்டுகிறாள். தாய்ப்பாசத்தைக் கண்ணீரால் அளக்காமல் பத்திரத்தால் அளந்த விக்டோரியக் கால நாவல்கள் அதிகமில்லை.

கேள்வி: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

பதில்: முதல் பக்கத்தைப் புரட்டுங்கள். கதைசொல்லி கில்பர்ட் மார்க்கம் தன் நண்பன் ஹால்ஃபோர்டுக்கு எழுதிய கடிதத்தோடு தொடங்கினால் வாங்கலாம். நேராக '1827 இலையுதிர் காலம்' என்று ஆரம்பித்தால், அது 1854இல் வெட்டிச் சுருக்கிய பதிப்பின் வழி வந்தது. உள்ளேயும் பல பகுதிகள் இருக்காது. 1848 ஆகஸ்டில் வந்த இரண்டாம் பதிப்புக்கு ஆன் எழுதிய முன்னுரையும் இருந்தால் இன்னும் நல்லது.